இரண்டாவது கரும்பலகை

மாத்தளைக்குப் பக்கத்தில், பலாபத்வலையில் நான் வேலை பார்த்த ஆடைத் தொழிற்சாலையில் இரண்டு கரும்பலகைகள் இருந்தன. முதலாவதில் எந்த லைன், அதாவது எந்தத் தையல் மெஷின் வரிசை, எத்தனை சட்டை முடித்தது என்று மணிக்கு மணி எழுதுவார்கள். அது எல்லாத் தொழிற்சாலையிலும் உள்ளதுதான். இரண்டாவதை எங்கள் மேலாளர் தானே வாங்கி வந்து மாட்டினார். எந்த லைனிலிருந்து யார் பெரிய வேலைக்குப் போனார்களோ அவர்கள் பெயர் அதில் ஏறும். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை.

நான் மூன்றாம் லைனுக்குச் சுப்பர்வைசர். முதல் பலகையில் என் லைன் எப்போதும் மேலே. இரண்டாவதில் என் கட்டம் மூன்று வருடமாக வெறுமையாகக் கிடந்தது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் சாப்பாட்டு அறைக்குச் சுற்றுவழியில் போவேன்.

காரணம் ஒருத்தி. நாவுல ஊர்க்காரி, என் லைனில் கொலர் தைப்பவள். சட்டையில் கஷ்டமான இடமே கொலர்தான். இவள் தைத்தால் இரண்டு முனையும் இம்மி பிசகாது. சுப்பர்வைசர் பயிற்சிக்குப் போக வேண்டும் என்பது அவள் ஆசை.

"இந்த வருஷமும் மெஷின்லயேதான் இருந்தா, வேலைய விட்டுட்டு வந்துருன்னு அப்பா சொல்றாங்க மிஸ்."

"இந்த ஓடர் முடியட்டும் தங்கச்சி" என்பேன்.

ஓடர் எங்கே முடிகிறது? ஒன்று லொறியில் ஏறும்போதே அடுத்ததற்குத் துணி வந்து இறங்கிவிடும். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

மேலாளரும் விடமாட்டார். "என்ன பிள்ளை, இந்த முறையும் உம்மட லைனில ஒருத்தரும் இல்லையோ?"

"இன்னும் யாரும் தயாராகல்ல சேர்." கூசாமல் பொய் சொன்னேன்.

ஒரு நாள் காலை, மாத்தளையிலிருந்து வந்த எங்கள் பஸ்ஸை இராணுவச் சோதனைச் சாவடியில் மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையிலிருந்து சோற்றுப் பார்சல் வரை கிளறினார்கள். எனக்கோ லைன் கவலை. நான் இல்லாமல் அங்கே எல்லாம் தலைகீழாகக் கிடக்கும், மேலாளர் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். அதில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது.

இரண்டு மணி நேரம் பிந்திப் போனால், லைன் ஜாம் ஜாமென்று ஓடிக்கொண்டிருந்தது. என் இடத்தில் கொலர்க்காரி நின்றாள். அவளுடைய மெஷினில் பக்கத்து மெஷின்காரி உட்கார்ந்து கொலர் தைத்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு கொலரை எடுத்துப் புரட்டினேன், முனையை இழுத்தேன், டேப் வைத்து அளந்தேன். ஒரு குறையும் அகப்படவில்லை.

மேலாளர் தூணோரம் கைகட்டி நின்றார். "நான் ஒண்டும் செய்யேல்ல பிள்ளை. சும்மா நிண்டு பாத்தனான்."

கொலர்க்காரி பக்கம் திரும்பினேன். "இவளுக்கு யாரு பழக்கினது?"

"நான்தான் மிஸ். ஆறு மாசமா, தேத்தண்ணி நேரத்துல." தலையைக் குனிந்துகொண்டாள். "நான் போனா கொலருக்கு ஆள் இல்லாம நீங்க கஷ்டப்படுவீங்கன்னுதானே என்னைய விடல்ல?"

அவள் குத்திக்காட்டவில்லை. என் கஷ்டத்தை நினைத்துத்தான் சொன்னாள். குத்திக்காட்டியிருந்தால் இரண்டு ஏச்சு ஏசிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். முகம் சுட்டது எனக்கு. ஆட்களைப் பழக்க வேண்டியது என் வேலை. அதையும் அவளே செய்திருக்கிறாள், அதுவும் தன் தேத்தண்ணியை விட்டுவிட்டு.

நேரே மேலாளரிடம் போய், பலகையில் எழுத வெண்கட்டி கேட்டேன். அவர் எடுத்து நீட்டினார். "நீரே எழுதும்."

சுற்றுவழியில் போகாமல் நேர்வழியில் நடந்து, என் கட்டத்தில் அவள் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினேன். பின்னாலேயே வந்தவள் அதைப் பார்த்துத் திகைத்து நின்றாள்.

"ஓடர் இன்னும் முடியல்லியே மிஸ்?"

"அது எப்பவும் முடியாது" என்றேன். "நீ போ."