டூட்டி பஸ்ஸில் படித்த அரபி

சவூதியில், தம்மாமில் நான் நர்ஸாக வேலை பார்க்கும் முதியோர் வார்டில் நோயாளிகள் யாருக்கும் ஆங்கிலம் தெரியாது. மூன்று வருடம் சைகையிலேயே ஓட்டினேன். பிறகு அரபி கற்க ஃபோனில் ஒரு ஏஐ ஏஜென்ட்டை வைத்துக்கொண்டேன். டூட்டி முடிந்து பஸ்ஸில் ரூமுக்குத் திரும்பும்போது, அன்று காதில் விழுந்த சொற்களையும், யார் எதற்காகச் சொன்னார்கள் என்பதையும் தமிழில் அதனிடம் சொல்வேன். அது குறிப்பெடுத்து வலி, சாப்பாடு, குடும்பம் என்று பிரித்துவைக்கும். மறுநாள் காலை கேள்வி கேட்கும். தப்பாகச் சொன்னதை இரண்டு நாள் கழித்து மறுபடி கேட்கும்.

ஒருநாள் நான் வார்டில் இருந்தபோது ஊரிலிருந்து தம்பி கூப்பிட்டான்.

"எக்கா, அப்பா போயிட்டாவ. அடக்கம் நாளைக்குச் சாயங்காலம். லீவு கெடைக்குமா?"

"கெடைக்காது."

நான் யாரிடமும் லீவு கேட்டிருக்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று இன்றும் தெரியாது. இரண்டு பேருக்கு ட்ரிப்ஸ் மாற்றினேன். ஒருவருக்குப் படுக்கை விரிப்பு மாற்றினேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, போர்வைக்கும் தலையணைக்கும் அன்று கேட்ட சொற்களை ஃபோனில் சொன்னேன். அதே குரலில் "எங்கப்பா செத்துப்போனாவ" என்றும் சொன்னேன். வேறு யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஏஜென்ட் முதலில் போர்வையைக் கேட்டது. "பத்தானியா" என்றேன். அடுத்து, "என் அப்பா இறந்துவிட்டார். இதை அரபியில் சொல்லுங்கள்" என்றது. நான் சொன்னதையும் படிக்கவேண்டிய வாக்கியமாக எடுத்துக்கொண்டிருந்தது. கோபம் வரவில்லை.

"மாத் அபூய்" என்றேன்.

"சரி" என்று அடுத்த சொல்லுக்குப் போனது.

பல் தேய்த்துக்கொண்டிருந்த என் ரூம்மேட் திரும்பினாள். அவளும் எங்கள் கடற்கரைக்காரிதான். அரபி நன்றாகத் தெரியும்.

"யாருக்க அப்பா எக்கா?"

"எனக்க அப்பாதான். நேத்து."

பிரஷ்ஷோடு வந்து கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அழுதியளா?"

"இல்ல. பஸ் வந்துரும், நீ வாயக் கழுவு."

சில வாரம் கழித்து எங்கள் வார்டில் ஒரு முதியவர் இறந்தார். டாக்டர் சொல்லிவிட்டுப் போனதும் அவர் மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் போய், "அஹ்சனல்லாஹ் அஸாக்கும்" என்றேன். துக்க வீட்டில் அவர்கள் சொல்லும் ஆறுதல் அது; ஏஜென்ட்டிடம் கேட்டுப் படித்துவைத்திருந்தேன். அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். என் கை அவள் முதுகைத் தடவியது. உச்சரிப்பு சரியாக இருந்ததா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அதைப் பார்த்த ஹெட் நர்ஸ், அன்றிலிருந்து இதுபோன்ற நேரங்களில் என்னையே கூப்பிடுகிறார். நானும் போகிறேன்.

ஐந்து மாதம் கழித்து லீவில் ஊருக்குப் போனேன். தம்பி கல்லறைக்குக் கூட்டிப்போனான். மெழுகுவர்த்தி கடற்காற்றில் நிற்கவில்லை. இரண்டு தடவை ஏற்றிப் பார்த்தான். "போதும், விடு" என்றேன். வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டோம்.