கன்னத்துக்குள் ஒரு பொம்மை

அட்லிஸ்கோ ஊரின் பூச்செடிப் பண்ணையில் அம்பாரோவுக்கு மதியம் ஒரு மணியோடு வேலை முடிந்துவிடும். அதற்குப் பிறகு அவள் நேரம் முழுக்க ஐந்து வயது மகள் நயேலிக்குத்தான். பண்ணையில் தூக்கிப்போடும் கறுப்பு நாற்றுத் தட்டுகளை வீட்டுக்குக் கொண்டுவருவாள். ஒரு நாள் அவை ரயில் பெட்டிகள். மறுநாள் பொம்மைகள் தங்கும் விடுதி. அம்பாரோதான் விடுதியின் சிடுமூஞ்சி முதலாளி. வெந்நீர் இல்லை, துண்டு இல்லை, போய் ஆற்றில் குளியுங்கள் என்று அவள் விரட்ட, நயேலி தரையில் உருண்டு சிரிப்பாள்.

அந்தத் தெருவில் பிள்ளைகளோடு அப்படித் தரையில் உட்கார்ந்து விளையாடும் பெரியவள் அவள் ஒருத்திதான். பெரியவர்கள் கூடும் இடத்தில் அவளுக்குப் பேச்சே வராது. பிள்ளைகளிடம் அந்தக் கூச்சம் இல்லை.

வெள்ளிக்கிழமைதோறும் பாலர் பள்ளியிலிருந்து ஒரு கதைப்புத்தகம் இரவலாக வரும். தகரத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து அதையே வாரம் முழுக்கப் படிப்பார்கள். ஒரு சொல் விட்டுப்போனாலும் நயேலி பிடித்துவிடுவாள். கதை ஏன் தினமும் மாறாமல் அப்படியே இருக்கிறது என்று ஒருமுறை கேட்டாள். "எழுத்துல இருக்குடி. எழுதிட்டா மாறாது. யார் படிச்சாலும் அதேதான் வரும்" என்று அம்பாரோ சொல்லியிருந்தாள்.

ஜனவரி ஆறாம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாளன்று எல்லோரும் கிராசியேலாவின் வீட்டில் கூடினார்கள். கிராசியேலா, அம்பாரோவின் கணவன் ஃபிதென்சியோவுடைய அக்கா. மேசை நடுவில் ரொஸ்கா இருந்தது. சர்க்கரைப் பாகில் ஊறிய பழத்துண்டுகள் பதித்த பெரிய ரொட்டி வளையம். அதற்குள் எங்கோ விரல் நுனி அளவுக்குக் குழந்தை யேசு பொம்மை ஒன்று ஒளிந்திருக்கும். அவரவர் துண்டை அவரவரே வெட்டிக்கொள்ள வேண்டும். யார் துண்டில் பொம்மை வருகிறதோ, பிப்ரவரி இரண்டாம் தேதி, மெழுகுதிரித் திருநாளன்று, அவர் வீட்டில் எல்லோருக்கும் தமால் விருந்து.

போன வருஷம் பொம்மை அம்பாரோவுக்கு வந்தது. விருந்தன்று காலையில் ஃபிதென்சியோவோடு ஏதோ சண்டை. அந்த முகத்தோடுதான் மக்காச்சோள மாவைப் பிசைந்தாள், கறி வைத்தாள், சோள மடலில் பொதிந்து ஆவிக்கு வைத்தாள். நாலு மணி நேரம் போயும் வேகவில்லை. பன்னிரண்டு பேர் மடலைப் பிரித்துப் பார்த்து, பச்சை மாவைப் பார்த்துவிட்டு, மறுபடி மூடிவைத்தார்கள். கோபத்தோடு பிசைந்தால் தமால் வேகாது என்பது அந்தக் குடும்பத்தில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். "அம்பாரோவைக் கோபப்படுத்தாதீங்கப்பா, அப்புறம் அடுப்புகூட பயந்துக்கும்" என்றாள் கிராசியேலா. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வருஷம் முழுக்க, அம்பாரோ கையால் சோறு வைத்தாலும் சரி, கேக் கொண்டுபோனாலும் சரி, "வெந்திருக்கா?" என்று ஒரு குரல் எங்கிருந்தாவது வரும். அவளும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்துவைப்பாள்.

இந்த வருஷம் தன் துண்டைக் கடித்ததும் பல்லில் ஏதோ கெட்டியாக இடறியது. என்னவென்று உடனே தெரிந்துவிட்டது. யோசிக்கவே இல்லை. நாக்கால் அதைக் கன்னத்துக்குள் தள்ளிவிட்டுச் சூடான சாக்லேட்டைக் குடித்தாள். நிமிர்ந்தபோது பக்கத்தில் நயேலி அவள் உப்பிய கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்பாரோ சிரித்துக்கொண்டே உதட்டின்மேல் ஒரு விரலை வைத்தாள். தாழ்வாரத்தில் ஒளிந்து விளையாடும்போது வைக்கும் அதே விரல். நயேலியும் கண்கள் மின்னத் தன் விரலை உதட்டில் வைத்தாள். கை கழுவப் போகிற சாக்கில் பொம்மை அம்பாரோவின் கம்பளிச் சட்டைப் பைக்குள் போனது.

ரொட்டி தீர்ந்தது. பொம்மை வரவில்லை. கிராசியேலா ரொட்டிக்கடைக்குப் போன் செய்தாள். என் கையால்தான் வைத்தேன் என்று கடைக்காரர் சத்தியம் செய்தார். அப்போதுதான் எல்லோர் கண்ணும் பேட்டோ பக்கம் திரும்பியது. பேட்டோ கிராசியேலாவின் மூன்று வயது மகன். கிரயான், பொத்தான், பாசிமணி எதையும் வாயில் போடாமல் விடமாட்டான். சற்று முன்தான் சாக்லேட் குடிக்கும்போது இருமியிருந்தான்.

"பேட்டோ, பொம்மையை முழுங்கினியா ராசா?"

"ஆமா" என்றான் பேட்டோ. எதைக் கேட்டாலும் ஆமா சொல்கிற வயது.

அம்பாரோ வாயைத் திறந்தாள். அதற்குள் கிராசியேலா பிள்ளையைத் தலைகீழாகத் தூக்கி முதுகில் தட்ட ஆரம்பித்திருந்தாள். முதல் நிமிஷத்தில் சொல்லியிருந்தால் அது விளையாட்டாகப் போயிருக்கும். இரண்டாம் நிமிஷத்தில் அது திருட்டாகிவிட்டது. செருப்பைத் தேடி, சாவியைத் தேடி, பிள்ளையைச் சால்வையில் சுற்றிக்கொண்டு அவர்கள் மருத்துவரிடம் ஓடியபோது, அதற்கு என்ன பெயர் என்றே அவளுக்குத் தெரியவில்லை.

பையன் நன்றாகத்தான் இருக்கிறான், தானாக வெளியே வந்துவிடும், கவனித்துக்கொண்டிருங்கள் என்று மருத்துவர் சொல்லியனுப்பினார். கிராசியேலா அவனுக்கு மூன்று வேளையும் பப்பாளி கொடுத்தாள். அவன் உட்கார்ந்து எழுந்த சட்டியை ஒவ்வொரு முறையும் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு தேடினாள். எல்லாவற்றையும் போனில் அம்பாரோவிடம்தான் சொன்னாள். அம்பாரோ ம் கொட்டினாள். பொம்மை அதற்குள் சமையலறை அலமாரியில், சாமந்தி விதை டப்பாவின் அடியில் கிடந்தது.

திங்கட்கிழமை பாலர் பள்ளியிலிருந்து ஒரு தாள் வந்தது. திருநாளில் வீட்டில் என்ன நடந்தது என்று பிள்ளை படம் வரைய வேண்டும். பிள்ளை சொல்வதைப் பெற்றவர் ஒரு சொல்கூட மாற்றாமல் கீழே எழுதி, பிள்ளைக்குப் படித்துக்காட்ட வேண்டும். நயேலி மேசையை வரைந்தாள். சுற்றிலும் வட்ட வட்டமாகத் தலைகள். அம்மாவின் தலை எல்லாவற்றையும்விடப் பெரிது. அதில் ஒரு கன்னம் மட்டும் உப்பியிருந்தது. உள்ளே ரோஸ் நிறத்தில் ஒரு புள்ளி.

"எழுதும்மா" என்றாள். "அம்மா பொம்மையை வாய்க்குள்ள ஒளிச்சு வச்சாங்க. நாங்க ரெண்டு பேரும் ரகசிய விளையாட்டு விளையாடினோம். பேட்டோ நிறைய பப்பாளி சாப்பிட்டான்."

அம்பாரோ எழுதினாள். எல்லோரும் ரொட்டி சாப்பிட்டோம். சாக்லேட் குடித்தோம். சந்தோஷமாக இருந்தோம்.

"படி."

அம்பாரோ விரலை எழுத்துகளின் கீழே நகர்த்திக்கொண்டே குழந்தை சொன்னதைச் சொன்னாள். நயேலியின் கண்கள் விரலோடு நகர்ந்தன.

"இதுல பேட்டோ எது?"

அம்பாரோ ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டினாள். அது சாக்லேட். நயேலி அந்தச் சொல்லின்மேல் தன் விரலை வைத்து, "பேட்டோ" என்று மெதுவாகத் தடவினாள். அம்பாரோவுக்கு முகமெல்லாம் எரிந்தது. எழுந்துபோய்த் தேய்க்கவேண்டிய தேவையே இல்லாத ஒரு பாத்திரத்தைத் தேய்த்தாள்.

மறுநாள் மதியம் கிராசியேலா பேட்டோவை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. ஃபிதென்சியோ வேன் ஓட்டிவிட்டு வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இன்னும் பொம்மை வரவில்லை, நாளைக்குப் புவேப்லா நகரத்துக்குப் போய் எக்ஸ்ரே எடுக்கப் போகிறோம், உள்ளே எங்காவது குத்திக்கொண்டிருந்தால் அறுவைச் சிகிச்சைதான் என்று யாரோ சொன்னார்கள் என்றாள். சொல்லும்போதே குரல் உடைந்தது. பேட்டோ அவள் தோளில் கன்னத்தை வைத்து ஒரு பிஸ்கட்டைச் சப்பிக்கொண்டிருந்தான்.

அத்தை அழுவதைப் பார்த்த நயேலி, அவளைச் சமாதானம் செய்ய நினைத்தோ என்னவோ, தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். "அத்தை, இதைப் படிங்க. பேட்டோகூட இதுல இருக்கான்."

கிராசியேலா கண்ணைத் துடைத்துக்கொண்டு வாய்விட்டுப் படித்தாள். "எல்லோரும் ரொட்டி சாப்பிட்டோம். சாக்லேட் குடித்தோம். சந்தோஷமாக இருந்தோம்."

"அது இல்ல."

"அப்படித்தான்டா கண்ணு எழுதியிருக்கு."

"இல்ல. உங்களுக்குப் படிக்கத் தெரியல." நயேலி தாளைப் பிடுங்கி அம்பாரோவின் மடியில் வைத்தாள். "நீ படிம்மா. சரியா படிச்சுக் காட்டு."

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். அத்தை படித்ததுதான் சரி, நீ மறந்துட்டே என்று சொல்லிவிடலாம். குழந்தை ஒரு நிமிஷம் குழம்பும், பிறகு நம்பிவிடும். நம்பும் என்பதுதான் அம்பாரோவைப் பிடித்து நிறுத்தியது. தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், எழுத்தின் கீழே விரலை வைத்துப் படித்தாள்.

"அம்மா பொம்மையை வாய்க்குள்ள ஒளிச்சு வச்சாங்க. நாங்க ரெண்டு பேரும் ரகசிய விளையாட்டு விளையாடினோம். பேட்டோ நிறைய பப்பாளி சாப்பிட்டான்."

"பாத்தீங்களா?" என்றாள் நயேலி, அத்தையிடம்.

ஃபிதென்சியோ கையிலிருந்த தோர்த்தியா ரொட்டியைத் தட்டில் வைத்தான். அம்பாரோ எழுந்துபோய் விதை டப்பாவைக் கொண்டுவந்து மேசைமேல் கவிழ்த்தாள். சாமந்தி விதைகளுக்கு நடுவில் பொம்மை மல்லாந்து கிடந்தது.

கிராசியேலா அதை எடுத்து, ஒட்டியிருந்த விதைகளை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டாள். கத்துவாள் என்று அம்பாரோ காத்திருந்தாள். அவள் கத்தவில்லை.

"மூணு நாளா நான் என்ன பண்ணிட்டிருந்தேன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும் அக்கா."

"வேகாத தமாலைத் தின்னு யாரும் செத்துப்போகல, அம்பாரோ."

பொம்மையை மேசைமேல் வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ஃபிதென்சியோ மிச்சச் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு அக்காவை வீட்டில் விட்டுவரக் கிளம்பினான்.

அன்று மாலையே அம்பாரோ தாளில் எழுதியிருந்ததைக் கோடிட்டு அடித்து, கீழே நயேலி சொன்னதைச் சொன்னபடியே எழுதினாள். அடித்தது தெரியத்தான் செய்தது. ஏன் அடித்தாய் என்று நயேலி கேட்டாள். அம்மா தப்பா எழுதிட்டேன், உன்கிட்ட பொய்யா படிச்சேன் என்று அம்பாரோ சொன்னாள். குழந்தை கொஞ்ச நேரம் அவள் முகத்தைப் பார்த்தது. பிறகு விளையாடப் போய்விட்டது.

மெழுகுதிரித் திருநாளன்று அம்பாரோ விடியும்போதே மாவு பிசைந்தாள். ஒரு சிட்டிகை மாவைத் தண்ணீர் டம்ளரில் போட்டு, பதமாகி மிதக்கிறதா என்று நாலு தடவை பார்த்தாள். தண்ணீர் வற்றினால் சத்தம் நின்று தெரியவேண்டும் என்று ஆவிப்பானையின் அடியில் போட்ட காசு காலை முழுக்கக் கடகடத்துக்கொண்டிருந்தது. பன்னிரண்டு பேரும் வந்தார்கள். கிராசியேலாவும் வந்தாள். தமால் பஞ்சுபோல வெந்திருந்தது. எல்லோரும் சாப்பிட்டார்கள், இன்னொன்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள். "வெந்திருக்கா?" என்று ஒருவரும் கேட்கவில்லை. வருஷம் முழுக்க அவளை அரித்த அந்தக் கேள்விக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு பரிமாறினாள். அது வரவே இல்லை.

பள்ளியிலிருந்து திரும்பி வந்த தாளைச் சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். நயேலி கிராசியேலாவின் கையைப் பிடித்து அதன் முன்னால் கூட்டிக்கொண்டு போய், அடித்த வரிகளுக்குக் கீழே புதிதாக எழுதியதில் ஒரு சொல்லைத் தொட்டாள்.

"அத்தை, அம்மா பேட்டோன்னு இதைக் காட்டினாங்க. இது பேட்டோதானா?"

கிராசியேலா குனிந்து பார்த்தாள். "ஆமாடா. பேட்டோதான்."

"மீதியையும் படிங்க."

கிராசியேலா முதல் வரியிலிருந்து கடைசி வரை நிதானமாகப் படித்தாள். நயேலி சரிபார்ப்பதுபோல ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டினாள். அடுப்படியில் ஆவிப்பானையின் மூடியைக் கையில் பிடித்தபடி, அம்பாரோ அது முடிகிறவரை அசையாமல் நின்றிருந்தாள்.