காலை ஏழு மணிச் சதுக்கம்

"முதல் நாள் மதிலோட நிறுத்திக்குங்க. அதுக்கு மேல ஆசைப்படாதீங்க" என்றபடி எர்சிலியா நகர வரைபடத்தை ரொட்டித் துணுக்குகளின் மேலேயே விரிக்கிறாள். நீலப் பென்சிலின் நுனியை நாக்கில் தொட்டுக்கொண்டு ஊரைச் சூழ்ந்த மதிலைச் சுற்றி ஒரு கோடு இழுக்கிறாள். வந்தவர்கள் இன்னும் பெட்டியைத் திறக்கவில்லை. அதற்குள் லூக்கா நகரில் அவர்களுடைய மூன்று நாட்களும் முடிவாகிவிட்டன.

மூன்று அறைகள் கொண்ட விடுதி அவளுடையது. அறையில் குறை சொன்னால் பொறுத்துக்கொள்வாள். தான் போட்ட திட்டத்தை மாற்றினால் பொறுக்கமாட்டாள். யார் வந்தாலும் முதலில் காலணியைத்தான் பார்ப்பாள். "இந்தக் குதிகாலை வச்சுக்கிட்டுக் கோபுரமா? சக்கரம் மாதிரி மதில் இருக்கு, மேல அகலமா பாதை இருக்கு, சைக்கிள் எடுத்துக்கிட்டுச் சுத்துங்க." புதுமணத் தம்பதிகளைச் சான் ஃபிரெதியானோ கோயிலுக்கு அனுப்புவதில்லை. அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் எலும்பும் தோலுமாய்ப் படுத்திருக்கும் புனிதப் பெண்மணியின் உடலைப் பார்த்துவிட்டு வந்தால் ராத்திரி தூக்கம் பிடிக்காதாம். பீசாவுக்கு ஒரு நாள் போய்வரலாமா என்று யாராவது கேட்டுவிட்டால் பென்சிலைக் கீழே வைத்துவிடுவாள். "சாய்ஞ்சு கிடக்கிறதைப் பார்க்க அவ்வளவு தூரமா? இங்க நேரா நிக்கிற கோபுரம் இருக்கு. உச்சியில மரமே வளர்ந்து நிக்குது. அதுல ஏறுங்க."

ஆனால் அவளுக்குப் பெயர் வாங்கித் தந்தது வேறொரு யோசனை. முட்டை வடிவில் வீடுகள் சூழ்ந்து நிற்கும் அன்ஃபிதேயாத்ரோ சதுக்கத்துக்கு மட்டும் காலை ஏழு மணிக்குப் போகச் சொல்வாள். "கடை திறக்காது. கூட்டம் இருக்காது. புறாவும் நீங்களும்தான். பத்து மணிக்கு மேல அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதீங்க, ஒரே சந்தைக்கடை." போய்வந்தவர்கள் பூரித்துப்போவார்கள். இந்த ஊரை உண்மையாகக் காதலிக்கும் ஒருத்தியால்தான் இப்படிச் சொல்ல முடியும் என்று ஒருவர் விருந்தினர் ஏட்டில் எழுதிவிட்டுப் போனார். அதைப் படித்துவிட்டு எர்சிலியா சமையலறைக்குள் போய், கழுவிய கோப்பைகளையே மறுபடி கழுவினாள்.

பத்து மணிக்கு மேல் அங்கே அவள் மகன் தனிலோ நிற்பான்.

மதிலுக்கு வெளியே ஒரு காகித ஆலையில் இயந்திரப் பொறுப்பாளனாக இருந்தவன். ஆலை மூடிய பிறகு வேலை தேடினான், நாற்பதை நெருங்குகிறவனை யாரும் எடுக்கவில்லை. ஒரு வசந்த காலத்தில் முகம், கை, கோட்டு, தொப்பி எல்லாவற்றிலும் வெள்ளி வண்ணம் பூசிக்கொண்டு சிலையாக நிற்க ஆரம்பித்தான். கையில் பெட்டியோடு, ரயிலைப் பிடிக்க ஓடும் பயணி. காற்றில் பறப்பதுபோல் கழுத்துப்பட்டிக்குள் கம்பி வைத்துத் தைத்திருந்தான். பார்ப்பவர்கள் முன்னால் கிடக்கும் தட்டில் சில்லறை போடுவார்கள்.

"மிலான்ல இருக்கான், நாடகக் கம்பெனில" என்று எர்சிலியா அண்டை அயலில் சொல்லிவைத்தாள். அது வெறும் வெட்கம். அதற்கு அவளிடம் ஆயிரம் சமாதானம் உண்டு. சமாதானம் இல்லாதது வேறொன்று.

போன கோடையில் ஒரு மருத்துவர் குடும்பம் வந்து தங்கியது. வழி தெரியாமல் தடுமாறியவர்களைக் கொண்டுபோய் விடுவதற்காக அவளே கூட நடந்தாள். பேச்சு சுவாரசியத்தில் சதுக்கத்துக்குள் நுழைந்துவிட்டார்கள். மருத்துவரின் மனைவி வெள்ளிப் பயணியின் முன்னால் நின்று, "எவ்வளவு தத்ரூபமா நிக்கிறார் பாருங்க. இந்த ஊர்க்காரரா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா" என்றாள் எர்சிலியா. "எங்கேயிருந்தோ வர்றவன். வெயில் காலத்துல இந்த மாதிரி நிறைய வருவாங்க."

கை நீட்டினால் தொடும் தூரத்தில் அவன் நின்றான். அசையவில்லை. அசையாமலிருப்பதுதான் அவன் தொழில். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அவன் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை. அவளும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் அவன் சொல்லிவிடுவானே. அதன் பிறகுதான் எல்லோருக்கும் காலை ஏழு மணி.

இந்த அக்டோபரில் ஊதினே நகரத்திலிருந்து ஆல்பாவும் அவள் கணவர் ஒத்தாவியோவும் வந்தார்கள். இரண்டாம் நாள் விடியற்காலையில் மழை கொட்டியது. எர்சிலியா போட்டுக்கொடுத்த ஏழு மணி தவறிப்போனது. மழை விட்டதும் கிளம்பிய இருவரும் மத்தியானம் திரும்பி வந்தார்கள். ஆல்பாவின் கையில் சோம்பும் உலர்திராட்சையும் போட்ட ரொட்டிப் பொட்டலம் இருந்தது.

"சிஞ்ஞோரா, கோவிச்சுக்காதீங்க. நீங்க போகாதீங்கன்னு சொன்ன நேரத்துலயே அந்தச் சதுக்கத்துக்குப் போயிட்டோம்."

"இவ சிலைகிட்டப் போய்ப் பேசிட்டு வந்திருக்கா" என்றார் ஒத்தாவியோ. "கல்லுகிட்டயும் ரெண்டு வார்த்தை வாங்கிடுவா."

"வாங்கினேன்ல? பாவம், மழை ஈரத்துல நிக்கிறானேன்னு, 'தம்பி, சளி பிடிக்கப் போகுது, எங்க விடுதிக்கார எர்சிலியா அம்மாவுக்குப் பிடிச்ச இருமல் விடவே மாட்டேங்குது'ன்னு சும்மா சொல்லிவச்சேன்." ஆல்பா குரலைத் தாழ்த்தினாள். "சிலை வாயைத் திறந்துடுச்சு, சிஞ்ஞோரா. 'அவங்களுக்கு இன்னும் சரியாகலையா?'ன்னு கேட்டான். அப்புறம் நான் போட்ட காசை எடுத்து என் கையிலயே திருப்பி வச்சுட்டான். உங்களுக்குத் தெரிஞ்சவனா?"

எர்சிலியா மேசைவிரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டாள். "சூப்பு ஆறிடும், உட்காருங்க" என்றாள். அன்று அவள் யாருக்கும் எந்தத் திட்டமும் போடவில்லை.

சாயங்காலம் மருந்துக்கடைக்குப் போனாள். கடைக்கார ஜில்தாவும் அவளும் ஒரே பள்ளியில் படித்தவர்கள்.

"என் இருமலைப் பத்தி ஊர் முழுக்கச் சொல்லிக்கிட்டிருக்கியா?"

"ஊருக்கு எதுக்குடி சொல்லப் போறேன்? அவன்கிட்டத்தான் சொன்னேன். அந்த வண்ணத்தைத் துடைக்க வாசலின் களிம்பு வாங்க வர்றப்பல்லாம் கேக்குறான். சொல்லாம இருக்கச் சொல்றியா?"

"உனக்கு… அப்போ உனக்குத் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும்." ஜில்தா இருமல் மருந்தை எடுத்துக் காகிதப் பைக்குள் போட்டாள். "ரெண்டு வருஷமா உன்கிட்ட ஒருத்தராவது 'பையன் மிலான்ல எப்படி இருக்கான்'னு கேட்டிருக்கோமா? ஏன் கேக்கலைன்னு நினைச்சே?"

வீட்டுக்குத் திரும்பும்போது ரொட்டிக்கடைக்காரர் வழக்கம்போல் தொப்பியைத் தொட்டு வணங்கினார். கறிக்கடைக்காரர் மனைவி குளிர் ஆரம்பித்துவிட்டதைப் பற்றிப் பேசினாள். இத்தனை நாளும் தன் பொய் நன்றாக நிற்கிறது என்று எர்சிலியா நம்பியிருந்தாள். பொய் தானாக நிற்கவில்லை. அவளுக்காக ஊரே சேர்ந்து அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்தத் தெருவின் ஒவ்வொரு கதவின் முன்னாலும் அவளுக்கு உடம்பு கூசியது.

மறுநாள் ஆல்பா தம்பதியை மதிலின் பக்கம் அனுப்பிவிட்டு, தேவாலயத்துக்குப் போகும் கருநீலக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள். பத்தரை மணி இருக்கும். சதுக்கத்தின் வளைவு வாசலுக்குள் நுழைந்தபோது திரும்பிப் போய்விடலாம் என்று இரண்டு முறை நினைத்தாள். வெள்ளிப் பயணி அதே இடத்தில், அதே ரயிலைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தான். காது மடலுக்குப் பின்னால் ஓரிடத்தில் வண்ணம் படாமல் தோல் தெரிந்தது. சின்ன வயதில் அவன் சரியாகக் கழுவாமல் வரும் அதே இடம்.

ஏதோ சொல்ல நினைத்தாள். இருமல்தான் வந்தது. அவன் கண்கள் மட்டும் அவள் பக்கம் திரும்பின.

எதிரே ஒரு சுற்றுலாக்காரர் கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமல், "அம்மா, கொஞ்சம் தள்ளிக்குங்க, நீங்க மறைக்கிறீங்க" என்று கையசைத்தார். பின்னால் நின்றவர்களும் காத்திருந்தார்கள். ரொட்டிக்கடைக்காரர் கூடையோடு அந்தப் பக்கமாக வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

எர்சிலியா நகர்ந்தாள், ஆனால் விலகிப் போகவில்லை. சிலையின் பக்கத்தில் போய், பெட்டி பிடிக்காத அந்தக் கையின் முழங்கைக்குள் தன் கையை நுழைத்துக்கொண்டாள். அவன் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் கேமராவைப் பார்த்தபடி, கோட்டின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு நின்றாள்.