மழைக்குப் பயந்த ஸ்டெல்லா

செய்தி வந்தபோது சாணார்பட்டிச் சோதனை வயலில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் நெல் ஆய்வை நடத்திவந்த ஸ்டெல்லாவை அழைக்கத்தான் கைபேசியை எடுத்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து தினமும் காலையில் அவர் கேட்பது ஒன்றுதான்: "மூலைப் பாத்தியில இலை சுருண்டுருச்சா?" தண்ணீரை நிறுத்திய பிறகு மற்ற நெல் ரகங்கள் எல்லாம் சுருண்டுவிட்டன. மூலைப் பாத்திப் பயிர் மட்டும் விரிந்தே நின்றது. அதைச் சொல்வதற்குள் அவர் தம்பியின் அழைப்பு வந்துவிட்டது. "அக்கா போயிருச்சு சார்."

அவரோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும், அவருக்கு மழை என்றால் பயம். தாடிக்கொம்பில் அப்பாவின் வயல், பூக்கும் நேரத்தில் கிணறு வற்றிப் பதராய்ப் போனதைப் பார்த்து வளர்ந்தவர். குறைந்த தண்ணீரில் மணி பிடிக்கும் ஒரு நெல்லைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பதே அவர் ஆசை. அதற்குப் பயிரைக் காயப்போட்டுத்தான் பார்க்க வேண்டும். திண்டுக்கல்லே மழைக்கு ஏங்கிக் கிடக்க, மேகம் கறுத்தால் இவர் மட்டும் பாலிதீன் கூரையை இழுத்து மூட ஓடுவார். "இன்னைக்கு மட்டும் வேணாம் ஆண்டவரே!" என்று வாய்விட்டு வேண்டுவார். நாங்கள் சிரிப்போம்.

ஒரு வருடம், வாடிக் கிடந்த பாத்தி ஒன்று காலையில் தளதளவென்று நிமிர்ந்து நின்றது. கண்டுபிடித்துவிட்டோம் என்று நான் துள்ளினேன். களையெடுக்கும் பாண்டியம்மா மெல்ல வந்தார்.

"நாந்தாம்மா தண்ணி ஊத்துனேன். பச்சப்பயிரு தொண்ட காஞ்சு கெடக்கு, மனசு கேக்கல."

அந்தப் பருவத்துச் சோதனையே வீண். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஸ்டெல்லாவோ வரப்பில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தார். "எனக்கும் கை துடிக்கும் பாண்டியம்மா. நீங்க ஊத்திட்டீங்க, அம்புட்டுத்தான்." ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தண்ணீர் பாய்ச்சி வளர்க்கும் பாத்திகளை அடுத்த ஆண்டு பாண்டியம்மாவின் பொறுப்பிலேயே விட்டார்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் ஜெபம் நடந்துகொண்டிருந்தபோது கிழக்கே இடித்தது. எல்லோரும் அங்கேதான் இருந்தோம். வயலில் கூரை திறந்து கிடந்தது. பாண்டியம்மா என் பக்கத்தில் வந்து, "மேகம் நம்ம வயப்பக்கந்தேன் நிக்குது. போங்க சார், அந்தம்மா இருந்தா இந்நேரம் ஓடியிருக்கும்" என்றார். பைக்கை எடுத்தேன். கூரையை மூடி முடிக்கவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. கடைசியாக ஒரு பிடி மண் போட எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. நனையாத அந்தப் பயிர் நடுவே நின்று அழுதேன்.

அவருடைய மழைப் பயம் இனி என்னோடு இருக்கும். மூலைப் பாத்தியில் இப்போது கதிர் முற்றித் தலைசாய்ந்துவிட்டது. மணிகளை நசுக்கி நசுக்கிப் பார்த்தேன். பதர் இல்லை. இதைப் பார்க்க அவர் இருந்திருக்கலாம்.