விஜி வாங்கிய குரல்

மார்க்கையன்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் விஜி சத்துணவு அமைப்பாளராக இருந்தாள். மத்தியான மணி அடித்ததும் தட்டுகளோடு முட்டி மோதி ஓடிவரும் பிள்ளைகளை வரிசையில் நிறுத்த அவளுக்குப் பிரம்பு தேவைப்பட்டதில்லை. சமையல்கூட வாசலில் நின்று ஓர் அதட்டல் போட்டால் போதும். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வாழைக்கு நடுவே நிற்கும் அவள் புருஷன் சுந்தரலிங்கத்துக்கும் அது கேட்கும். சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரும்போது, இன்றைக்குத் திட்டு வாங்கியவன் பெயரைச் சொல்லியே விசாரிப்பார்.

அந்தத் தொண்டை முதலில் கம்மியது. சளி என்று நினைத்துக் கஷாயம் குடித்தாள். கம்மல் போகவில்லை. மதுரைக்குப் போனபோது குரல்வளையில் புற்று என்றார்கள். உயிர் வேண்டுமென்றால் குரல்வளையை முழுசாக எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லும்போது விஜி சுந்தரலிங்கத்தைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உயிர் தங்கியது. கழுத்தில் ஒரு துளை, அதன் வழியாக மூச்சு. சத்தம் மட்டும் இல்லை. வீட்டுக்கு ஒரு சிலேட்டு வாங்கினார்கள். அவள் எழுதுவாள், அவர் படிப்பார். ஒன்றிரண்டு வருஷம் அப்படியே ஓடியது. அதற்குள் சுந்தரலிங்கத்தின் சர்க்கரை அவர் கண்ணைப் பிடித்தது. சிலேட்டில் எழுத்து பெரிதாகிக்கொண்டே போய், ஒரு சொல்லுக்கு ஒரு சிலேட்டு என்று ஆகி, கடைசியில் அதுவும் தெரியாமல் போயிற்று. பிறகு தோளில் தட்டுவதுதான். ஒரு தட்டு ஆமாம், இரண்டு தட்டு இல்லை. ஆமாம், இல்லை என்று மட்டும் சொல்லிக்கொண்டு ஒரு குடும்பத்தில் சண்டைகூடப் போட முடியாது. அவர் பேசிக்கொண்டே இருப்பார். பிறகு, எதிரே ஆள் இருக்கிறதா என்று சந்தேகம் வந்தவரைப் போல நிறுத்திக்கொள்வார்.

அவர்களுக்கு ஒரே மகன், கார்த்திக்ராஜ். பெங்களூரில் மென்பொருள் கம்பெனியில் வேலை. ஒரு தீபாவளிக்கு வந்தவன் அம்மாவுக்கு ஒரு போன் கொண்டுவந்தான். அதில் ஒரு ஆப். தமிழில் எழுதி ஒரு பொத்தானை அழுத்தினால் வாசித்துக் காட்டும். ஒரே தடவை பணம் கட்டினால் போதும், ஆயுளுக்கும் வரும் என்று சொன்னான். எந்தக் குரல் வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினான். ஒன்று செய்தி வாசிக்கிற மாதிரி இருந்தது. ஒன்று சின்னப் பிள்ளை மாதிரி. இன்னொன்று கொஞ்சம் வயதான பெண்ணின் குரல், நிதானமாக, ஓரத்தில் லேசான கரகரப்போடு.

"இது இருக்கட்டும்," என்றார் சுந்தரலிங்கம். "இதுல இவ சாயல் கொஞ்சம் இருக்கு."

சாயல் ஒன்றும் இல்லை என்று விஜிக்குத் தெரியும். ஆனால் அவள் அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள்.

அன்று முதல் அதுதான் அவள் குரல். முதலில் புத்தகத் தமிழில் எழுதினாள். அது கலெக்டர் ஆபீஸ் கடிதம் போல ஒலித்தது. பிறகு பேசுகிறபடியே எழுதப் பழகினாள். அங்கன, இங்கன, வந்தாக, போனாக என்று அந்தப் பட்டணத்துக் குரல் மெல்ல மெல்ல மார்க்கையன்கோட்டைக்காரி ஆயிற்று. அவளுக்குப் பிறவியிலிருந்தே வராத ழகரம் மட்டும் அதற்குச் சுத்தமாக வந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்கு அப்புறம் இன்றைக்குத்தான் உன் வாயில் வாழைப்பழம் வருகிறது என்று அவர் சிரித்தார். வாயில் வரவில்லை, போனில் வருகிறது என்று அவள் பதில் போட்டாள். சண்டையும் திரும்பி வந்தது. மாத்திரை போடாததற்கு, ஒளித்துத் தின்ற அதிரசத்துக்கு, அவர் தம்பிக்கு வரப்பை விட்டுக்கொடுத்த பழைய கதைக்கு. பக்கத்து வீட்டு அபிதா வந்தால், உள்ளே அத்தையும் மாமாவும் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று வாசலிலேயே நின்றுவிடுவாள். அவளுக்கும் அது போன் என்பது மறந்துவிட்டது.

போன வருஷம் ஆடி மாதத்தில் ஒரு காலை, ஆப்பைத் திறந்தபோது இங்கிலீஷில் நீளமாக ஏதோ வந்தது. கீழே நீலத்தில் ஒரு பொத்தான். இப்படி எத்தனையோ வந்திருக்கிறது. யாரும் படிப்பதில்லை, அழுத்தினால்தான் அடுத்ததற்கு விடும். விஜியும் அழுத்தினாள். காபியை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, ஆறிப்போகும் குடிங்க என்று எழுதிப் பேச வைத்தாள்.

வந்தது வேறு குரல். இளசு. ஜவுளிக்கடை விளம்பரத்தில் வருகிற மாதிரி ஒரு துள்ளல்.

சுந்தரலிங்கம் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். வெற்று மார்பில் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "யாரு வந்திருக்காக?" என்றார்.

விஜி ஆப்பின் அமைப்புகளுக்குள் போய்த் தேடினாள். பட்டியலில் ஏழெட்டுக் குரல்கள் இருந்தன. பழைய குரல் இல்லை. நான்தான், போனில் ஏதோ மாறிப்போச்சு என்று எழுதினாள். துள்ளல் குரல் அதையும் சந்தோஷமாகச் சொன்னது. அவருக்குப் புரிந்தது. ஆனால் புரிந்ததைக் காது ஏற்கவில்லை. அதற்குப் பிறகு அவர் அவளுக்குப் பதில் சொன்னபோதெல்லாம் தன்னை அறியாமல், சரிங்க, வேண்டாங்க, அப்படியே வச்சிருங்க என்று சொல்லத் தொடங்கினார். முப்பது வருஷத்துக்கு மேல் ஏ புள்ள என்று கூப்பிட்டவர். முதல் தடவை விஜிக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அடுப்படிக்குப் போய் நின்றாள்.

மகனுக்குச் செய்தி அனுப்பினாள். அவன் தேடிப் பார்த்துவிட்டு அன்று சாயங்காலம் கூப்பிட்டு விளக்கினான். ஆப்பைச் செய்த சின்னக் கம்பெனியை ஒரு பெரிய கம்பெனி வாங்கிவிட்டது. அந்தக் குரலோ மூன்றாவது ஒரு கம்பெனிக்குச் சொந்தம். இரண்டுக்கும் இருந்த ஒப்பந்தம் முடிந்துவிட்டது. எழுதிப் போட்டிருக்கிறான் அம்மா, நாம் ஒத்துக்கொண்டிருக்கிறோம் என்றான். எல்லாக் கம்பெனியும் இப்படித்தான், எங்கள் கம்பெனி விற்பதும் இப்படித்தான் என்றும் சொன்னான். அந்தப் பெரிய கம்பெனிக்கு மெயில் அனுப்பினான். உங்கள் கருத்துக்கு நன்றி, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று பதில் வந்தது.

சுந்தரலிங்கம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கம்பெனி விதை மாதிரிதான் போல, வாங்கலாம், விதைக்கலாம், அடுத்த வருஷத்துக்கு எடுத்து வைக்க மட்டும் விடமாட்டான் என்றார்.

பத்து நாள் போயிருக்கும். அவருடைய பட்டன் போனுக்கு ஒரு அழைப்பு வந்தது. அவர் காதில் வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். முடிந்ததும், "விஜி, இங்கன வா," என்று கத்தினார். "உன் குரல்ல யாரோ நகைக்கடன் வேணுமான்னு கேக்குறாக புள்ள." அந்தக் குரலை இப்போது வேறு யாரோ வாங்கியிருந்தார்கள். மறுபடி அப்படி ஓர் அழைப்பு வந்தால் எடுக்க வேண்டும் என்று அவர் அந்தப் போனை மடியிலேயே வைத்துக்கொள்ள ஆரம்பித்தார். இன்னும் இரண்டு தடவை வந்தது. இரண்டு தடவையும், நகைக்கடனைப் பற்றி அது சொன்னதையெல்லாம் கடைசி வரை கேட்டார்.

அதைப் பார்த்த பிறகுதான் விஜி தேனிக்குப் பஸ் ஏறினாள். பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் கிங்ஸ்லி என்பவர் கம்ப்யூட்டர், போன் சர்வீஸ் கடை வைத்திருந்தார். நாற்பது வயது மனிதர். விஜி எழுதிக் காட்டியதை நிதானமாகப் படித்தார். கடையில் போடிக்காரர் ஒருவர், சண்முகராஜ், ஏலக்காய் வியாபாரி, தன் லேப்டாப்புக்காகக் காத்திருந்தார். காசு கொடுத்து வாங்கினால் இதுதான் கதி, என் மிஷினில் இருப்பது எல்லாமே காசில்லாமல் ஏற்றியது, எவனும் வந்து பிடுங்க முடியாது என்றார். அப்படி ஏற்றியதில் வைரஸ் வந்துதானே இப்போது இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கிங்ஸ்லி சொன்னதும் அவர் செய்தித்தாளை எடுத்துக்கொண்டார்.

காசு கொடுத்துத்தானே வாங்கினோம் என்று விஜி எழுதினாள்.

"குரல நீங்க வாங்கலக்கா," என்றார் கிங்ஸ்லி. "அதுல பேசிக்கிட அனுமதிதான் வாங்கியிருக்கீக. அவன் கெட்டவன்னும் சொல்ல முடியாது. நம்ம இங்கன இருக்கோம்னே அவனுக்குத் தெரியாது."

ஆப்பின் பழைய பதிப்பைத் தேடி ஏற்றிப் பார்த்தார். அது திறந்தது, குரல் இறங்கவில்லை. இதற்கு முன்னால் வேறு போன் வைத்திருந்தீர்களா என்று கேட்டார். அப்போதுதான் விஜிக்கு நினைவு வந்தது. கார்த்திக் முதலில் கொடுத்த போன் கீழே விழுந்து கண்ணாடி உடைந்ததால் புதிது வாங்கினார்கள். பழையது பீரோவில் கிடந்தது. மறுநாள் அதைக் கொண்டுபோனாள். அதில் குரல் இருந்தது. கிங்ஸ்லி கண்ணாடியை மாற்றி, நெட்டை அணைத்து, கையில் கொடுக்கும்போது ஒன்று சொன்னார். இதை எக்காரணம் கொண்டும் நெட்டில் காட்டிவிட வேண்டாம், நெட்டைப் பார்த்தால் இது கம்பெனியிடம் கேட்கும், கம்பெனி இல்லை என்று சொல்லிவிடும்.

வீட்டுக்கு வந்ததும் வாசலிலேயே நின்று, பஸ்ஸில் சரியான கூட்டம் என்று பேச வைத்தாள். உள்ளே போனபோது சுந்தரலிங்கம் அழுதுகொண்டிருந்தார். "ஏன் புள்ள இவ்வளவு நேரம்?" என்று மட்டும் கேட்டார்.

ஐப்பசி வரை நன்றாகப் போனது. பிறகு அவருடைய சிறுநீரகம் கெட்டுவிட்டது என்றார்கள். தேனிக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய் வந்தார்கள். உடம்பு தாங்கவில்லை. வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்ன பிறகு கார்த்திக்ராஜ் லீவு போட்டுவிட்டு வந்தான்.

அன்று மத்தியானம், பல நாள் உறக்கமில்லாத விஜி, அவர் கட்டிலுக்குக் கீழே பாயில் அயர்ந்துவிட்டாள். அந்தப் பழைய போனைக் கார்த்திக் கையில் எடுத்துப் பார்த்தான். பேட்டரி உப்பிப் பின்மூடி பிதுங்கியிருந்தது. இன்றோ நாளையோ நின்றுவிடும். அதற்குள் அந்தக் குரலை நகல் எடுத்துத் தன் லேப்டாப்பில் வைத்துக்கொண்டால் அம்மாவுக்கு எந்தப் போனிலும் போட்டுக் கொடுக்கலாம் என்று நினைத்தான். அதற்காக அந்தப் போனில் நெட்டைத் திறந்தான். கிங்ஸ்லி சொன்னது அவனுக்குத் தெரியாது. அவன் லேப்டாப்பைத் திறப்பதற்குள் போன் கம்பெனியிடம் கேட்டுவிட்டது. குரல் போய்விட்டது.

விஜி எழுந்தபோது அவன் தரையில் உட்கார்ந்திருந்தான். முகத்தைப் பார்த்ததுமே, புருஷனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக் கட்டிலைப் பிடித்தாள். அவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அவன் போனைக் காட்டினான். அவள் கடையை எழுதிக் காட்டியதும் தேனிக்கு ஓடி கிங்ஸ்லியிடம் கொடுத்தான். அவர் பார்த்துவிட்டு, இனி ஒன்றும் செய்வதற்கில்லை தம்பி என்று திருப்பிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு சுந்தரலிங்கத்துக்கு நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. வரும்போதெல்லாம் விஜியைத் தேடினார். அவள் கையைப் பிடிப்பாள். பக்கத்து வீட்டு அபிதாவா, ஆஸ்பத்திரி நர்ஸா என்று அவருக்குப் பிடிபடவில்லை. தோளில் தட்டினாள். அந்தத் தட்டுக்கு அர்த்தம் அவருக்கு மறந்துவிட்டிருந்தது. வேறு வழியில்லாமல் புதுப் போனை எடுத்து, நான்தான் இருக்கேன் என்று எழுதினாள். துள்ளல் குரல் சொன்னது.

அவர் குரல் வந்த பக்கம் மரியாதையாகத் தலையைத் திருப்பினார்.

"அம்மா, எங்க வீட்டுக்காரி அங்கன எங்கயாவது இருப்பா. கொஞ்சம் வரச் சொல்றீங்களா?"

விஜி சரிங்க என்று எழுதினாள். மறுநாள் விடிந்தபோது அவர் இறந்திருந்தார்.

காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் போன பிறகு கார்த்திக்ராஜ் அம்மா முன்னால் வந்து உட்கார்ந்தான். நான் அதைத் தொட்டிருக்கக் கூடாது என்றான். விஜி போனில் எழுதினாள். சத்தத்தை அணைத்துவிட்டுத் திரையை அவன் பக்கம் திருப்பினாள். உனக்குத் தெரியாதுல்ல என்று இருந்தது. பிறகு, வேறு கம்பெனி ஆப்களில் நல்ல குரல்கள் இருக்கின்றன, ஒன்று பார்த்துப் போட்டுத் தரட்டுமா என்று கேட்டான். அவள் மறுபடி எழுதினாள். எல்லாருக்கும் கண்ணு தெரியுதே, படிச்சுக்கிருவாக.

அவன் பெங்களூருக்குத் திரும்பினான். இப்போதெல்லாம் விஜி எங்கே போனாலும் எழுதித்தான் காட்டுகிறாள். ரேஷன் கடையில், சின்னமனூர் பேங்கில், பஸ்ஸில். ஒருநாள் மளிகைக் கடைக்காரர் சுருளியாண்டி கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். திரையைத் தள்ளிப் பிடித்தார், கிட்டே பிடித்தார், எழுத்துப் பிடிபடவில்லை. சத்தம் வைத்துச் சொல்லுக்கா என்றார். விஜி தலையாட்டி மறுத்துவிட்டு, உளுந்து மூட்டையில் கையை விட்டு ஒரு பிடி அள்ளிக் காட்டினாள்.