சொந்தக்காரர் இல்லாத ஊர்

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் பெண், உறவுக்காரர் ஒருவர்கூட இல்லாத ஊராகப் பார்த்துப் பிடித்தால் என்ன அர்த்தம்? தெருவில் ஒரே அர்த்தம்தான் உலவியது: அங்கே ஒரு பையன் இருக்கிறான். மருந்துக்கடைக்காரர் மகனும் அடுத்த மாதம் விமானம் ஏறுகிறானே, அவனாகத்தான் இருக்கும். கொளுத்திப் போட்டது பெண்ணின் பெரியம்மா. வெளிநாட்டில் தன் மகன் வீட்டில் தங்க இடம், வேளைக்குச் சோறு என்று ஏற்பாடு செய்து வைத்திருந்தவளுக்கு, தங்கை மகள் வேண்டாமென்றதில் வயிற்றெரிச்சல்.

பெண்ணின் அம்மா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். ஊருக்கே 'பிரேக் அக்கா'. பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் உண்டு. அதில் கால் வைத்தபடியே ஊரில் பாதிப் பேரைச் சாலையில் இறக்கிவிட்டவள். கணவர் இறந்த வருடம் பழைய கார் ஒன்றோடு தொடங்கினாள். அன்று சிரித்தவர்களே பிற்பாடு தங்கள் மனைவியரைக் கூட்டிவந்து சேர்த்தார்கள்.

வதந்தி உண்மையென்றால் மகளின் பயணத்தையே நிறுத்திவிடுவதென்று இருந்தாள். மருந்துக்கடைக்காரர் மகனும் அவளிடம்தான் கார் பழகிக்கொண்டிருந்தான். அன்று மேட்டில் நிறுத்தி எடுக்கும் பாடம். பாதி மேட்டில் விசாரணையை ஆரம்பித்தாள். வண்டி அணைந்து பின்னால் உருண்டது. பிரேக்கை மிதித்தவள், முழிக்கிற முழியே சாட்சி என்று அங்கேயே அவனை இறக்கி நடக்கவிட்டாள்.

இறங்கியவன் சன்னல் வழியே சொன்னான்: "அக்கா, நான் எங்க மாமா இருக்கிற ஊருக்குப் போறேன். வாடகை மிச்சம்னு அப்பா முடிவு பண்ணிட்டார். உங்க பொண்ணு போற ஊர் எந்தத் திசைன்னுகூட எனக்குத் தெரியாது."

வீட்டில் மகள் பெட்டியை எடைபோட்டுக்கொண்டிருந்தாள்.

"அங்க யாருடி இருக்கா?"

"யாரும் இல்ல. அதுக்குத்தாம்மா போறேன். பாலம் கட்டுற படிப்பு ரெண்டு ஊர்லயும் நல்லாத்தான் இருக்கு. ஆனா அண்ணன் வீட்ல நான் தும்மினா பெரியம்மா உனக்கு போன் பண்ணுவாங்க. எத்தனை பேரைத் தனியா ஓட்ட விட்டிருக்க! என் விஷயத்துல மட்டும் பிரேக்லேர்ந்து காலை எடுக்க மாட்டேங்கற."

அம்மா தன் அக்காவுக்கு போன் போட்டாள்.

"விசாரிச்சுட்டேன்க்கா. அங்க ஒருத்தனும் இல்ல. என் பொண்ணு தனியாத்தான் போறா."

மகள் மெடல் வாங்கிய சேதியை மற்றவர்கள் இந்தக் குரலில்தான் சொல்வார்கள். மறுநாளிலிருந்து கார் பழக வருகிற ஒவ்வொருவரும், சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் இதைக் கேட்டாக வேண்டியிருந்தது.

மருந்துக்கடைக்காரர் மகனுக்குத்தான் அரைப் பாடம் பாக்கி. இரண்டு முறை சொல்லியனுப்பிவிட்டாள். அவன் வருவதாக இல்லை.