ஆறாவது மாடி அக்கா

பசுந்தாங் பேட்டையில் நான் முதல் மாடியில் வாடகைக்கு இருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. யாங்கூனில் இப்படிப்பட்ட வீடுகளின் பால்கனியிலிருந்து தெருவரை ஒரு கயிறு தொங்கும். கீழே இழுத்தால் மேலே மணி அடிக்கும். நுனியிலுள்ள கிளிப்பில் சாமானை மாட்டினால் மேலே இழுத்துக்கொள்வார்கள். ஆறாவது மாடி அக்கா தமிழர். தனியாக இருந்தார், முழங்கால் வலியால் இறங்கமாட்டார். நான் தமிழ்நாட்டிலிருந்து வந்த முதல் மழைக்காலத்திலேயே அவருக்குக் கறிவேப்பிலை மாட்டிவிடத் தொடங்கினேன். பதிலுக்கு வடை இறங்கும்.

"மேலே வரட்டுமா, அக்கா?" என்று ஒருநாள் கத்தினேன்.

"வேணாம் தம்பி, படி ஜாஸ்தி!"

பர்மாவில் ஒருவர் வேண்டாம் என்றால் வற்புறுத்தக் கூடாது, அது அவரைச் சங்கடப்படுத்தும் என்று படித்திருந்தேன். அதன்பிறகு கேட்கவேயில்லை.

சென்ற தண்ணீர்த் திருவிழா முடிந்த வாரம், அக்காவின் மகன் அவரை ஆற்றுக்கு அக்கரை ஊரான தன்லியினுக்கு அழைத்துப்போக வந்தார். நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கி இறக்கினார்கள். அன்றுதான் அக்காவின் முகத்தை அருகில் பார்த்தேன்.

"மேலேயிருந்து பார்த்தா உங்க வழுக்கைதான் தெரியும். மூக்கு இவ்வளவு பெரிசா?" என்று சிரித்தார். பிறகு, "ஒரு நாளாவது ஏறி வந்திருக்கலாமே" என்றார்.

"நீங்கதானே அக்கா வேணாம்னீங்க?"

"வேணாம்னா விட்டுடுறதா? நீங்க தமிழ் ஆளுதானே? இன்னொரு தடவை கேட்டிருந்தா வாங்கன்னு சொல்லியிருப்பேன். ஒவ்வொரு ஞாயிறும் வீட்டைப் பெருக்கி வச்சிருந்தேன்."

"தன்லியினுக்கு வர்றேன், அக்கா. இந்தத் தடவை கேட்கவே மாட்டேன்."

டாக்ஸியின் முன்சீட்டில் ஏறிக்கொண்டிருந்த மகனை அவர் ஒருமுறை பார்த்தார்.

"அது அவன் வீடு, தம்பி. அங்கே யாரையும் நான் கூப்பிட முடியாது."